அடுத்தவன் துண்டு

எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு மனிதனைப் பட்டப்பகலில் பதினோரு பேர் சேர்ந்து அடித்தார்கள். மறுநாள் காலையில் அவன் செத்துப்போனான். நான் இருபதடி தள்ளி உட்கார்ந்து தார்ப்பாய் தைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டேஷனில் கேட்டபோது, சாலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன், ஒன்றும் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். முப்பத்தொரு வருஷமாக நான் சாலையைப் பார்த்துத்தான் உட்காருகிறேன், வெளிச்சம் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றவர்களைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை கிடையாது.

என் பெயர் யாசின். திருவொற்றியூர்ப் பக்கத்து ஆட்களுக்கு தார்ப்பாய் பாய். எனக்கு எதிரே நாள் முழுக்க நிற்பது வரிசை. கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் லாரிகள் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் ஒற்றை வரிசை. நல்ல நாளில் அரை நாள் நிற்பார்கள், கெட்ட நாளில் மூன்று நாள். உள்ளே ஏன் நகரவில்லை என்று யாரும் வந்து சொல்லமாட்டார்கள். டிரைவர்கள் வண்டிக்கு அடியில் பாய் விரித்துத் தூங்குவார்கள், சக்கரத்து நிழலில் ஸ்டவ் வைத்துக் கஞ்சி காய்ச்சுவார்கள், கடற்கரைக் கல்லுக்குப் பின்னால் ஒதுங்குவார்கள். மணலி ஆலைப் பக்கத்துக் காற்று திரும்பினால் தொண்டை எரியும். கடல் காற்று வந்தால் உப்பும் டீசல் புகையும் சேர்ந்து உதட்டில் ஒட்டும். அவர்கள் வயதில் பாதி அங்கேயே கழிகிறது.

இந்தச் சாலையில் போலீஸ்காரனை ஏமாற்றலாம், பெண்டாட்டியை ஏமாற்றலாம், வரிசையை ஏமாற்றக் கூடாது. ஒரே ஒரு விலக்கு உண்டு. சாவு, பிரசவம், உயிர் போகிற அவசரம் என்றால் முந்தலாம். அதற்கு அடையாளம், வலப்பக்கக் கண்ணாடியில் கட்டிய வெள்ளைத் துண்டு. அந்தத் துண்டு முந்துகிறவனுடையதாக இருக்கக் கூடாது. பின்னால் நிற்கிறவன் சமாச்சாரத்தைக் கேட்டு, நம்பி, தன் தோளில் கிடக்கிற துண்டை எடுத்துத் தன் கையால் கட்டிவிட வேண்டும். பொய் என்று தெரிந்தால் கட்டினவனுக்கும் உதை உண்டு. ஆகவே முந்திப் போகிறவன் தோளில் அவன் துண்டு இருக்கும், கண்ணாடியில் அடுத்தவன் துண்டு இருக்கும். இரண்டையும் பார்த்தால் நானூறு வண்டியும் வாய் பேசாமல் வழிவிடும். இதை யார் ஆரம்பித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கடை போட்டபோதே இருந்தது.

என் கடையை ஒட்டித் தகரக் கொட்டகை. அதில் குணசுந்தரி டிரைவர்களுக்குச் சாப்பாடு போடுகிறாள். தண்டையார்ப்பேட்டைக்காரி. காலை ஐந்து மணிக்கு அரிசி களைந்தால் பதினொன்றரைக்கு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கொதிக்கும், வாழைக்காய் பொரியலும் மிளகு ரசமும் தயாராக இருக்கும். புருஷன் பாலகணேஷ் சொந்தமாக ஒரு டிரெய்லர் வைத்து ஓட்டுகிறான். அவன் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே மளிகைக் கடை வைத்தவர். தராசுத் தட்டு பிடிக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தவன் இவன். வரிசையில் சண்டை வந்தால் விலக்கிவிட இவனைத்தான் கூப்பிடுவார்கள். ஒரே மகள் எழில்மொழி. கல்லூரியில் மனோதத்துவம் முதுகலை, இரண்டாம் வருஷம்.

அந்தப் பெண் ஆராய்ச்சிக் கட்டுரைக்காக எங்களைப் பிடித்துக்கொண்டது. மனுஷனுக்கு நியாயம் படிப்படியாக வளர்கிறதாம், யாரோ வெளிநாட்டுக்காரர் ஆறு படி கட்டி வைத்திருக்கிறாராம். அடிப்படியில் நிற்கிறவன் உதைக்குப் பயந்து ஒழுங்காக இருப்பான். இரண்டாவதில் நிற்கிறவன் எனக்கு இதில் என்ன லாபம் என்பான். மூன்றாவதில் நாலு பேர் நல்லவன் என்று சொல்லவேண்டும் என்ற ஆசை, நாலாவதில் சட்டம். சட்டமே நாம் சேர்ந்து வைத்ததுதானே, தேவையென்றால் சேர்ந்து மாற்றலாம் என்கிறவன் ஐந்தில் நிற்கிறான். உலகமே எதிர்த்தாலும் மனசாட்சிப்படி நடக்கிறவன் ஆறில். அங்கே யாரும் இருக்கிறார்களா என்று கேட்டேன், ரொம்பக் கம்மி மாமா என்றது. அதற்கு எதற்கம்மா ஒரு படி வீணாக என்றேன், சிரித்தது.

கதையை நம் ஊருக்குத் தகுந்தாற்போல் அதுவே ஜோடித்திருந்தது. ஒரு டிரைவர். வீட்டில் உயிர் போகிற அவசரம். துண்டு கட்ட ஆள் கிடைக்கவில்லை. வரிசையை உடைக்கலாமா, கூடாதா? ஏன்? உடைக்கலாம் கூடாது என்பது முக்கியமில்லையாம், அந்த ஏன்தான் முக்கியமாம். அதை வைத்துத்தான் படி போடுவார்களாம். பத்து நாள் நோட்டும் கையுமாக வண்டி வண்டியாக ஏறி இறங்கியது. வேலை வெட்டி இல்லாமல் வெயிலில் நிற்கிறவர்களிடம் இதைக் கேட்டால் கேட்கவா வேண்டும்? வரிசை முழுக்க இதே பேச்சு. உடைக்கிறவன் கையை உடைப்பேன் என்றான் ஒருவன், கண்ணாடியை நொறுக்குவேன் என்றான் இன்னொருவன். நான் போலீஸ் எதற்கு இருக்கிறது என்றேன். எனக்கு நாலாம் படி கிடைத்தது.

பாலகணேஷ் சொன்ன பதிலை நான் என் காதால் கேட்டேன். வரிசை சாமி வைத்ததில்லை, நாமே வைத்துக்கொண்டது. எவனுக்கு அவசரமோ அவனை முன்னால் விடத்தான் வரிசையே. துண்டு இல்லாவிட்டால் என்ன, நிறுத்தி வாயைத் திறந்து கேட்டால் தீர்ந்தது. இப்படிப் பொறுமையாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னான். மகளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. ஐந்து போட்டது. நைனாதான் இருக்கிறதிலேயே உசந்த படி என்று என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போனது.

குணசுந்தரியைக் கேட்டபோது அவள் கருவாடு அலசிக்கொண்டிருந்தாள். எந்த ஆஸ்பத்திரி, கூட யார் இருக்கிறார்கள் என்று ஆரம்பித்தாள். இது கதை, கேள்விக்குப் பதில் சொல் என்றது மகள்.

"கதைன்னாலும் ஆஸ்பத்திரினு ஒண்ணு இருக்கும்ல. லாரி இன்னாத்துக்கு போவணும்? லாரி இங்கியே நிக்கட்டும். உங்க நைனா அந்தாளை ஸ்கூட்டர்ல இட்டுகினு போயி உடட்டும்."

"அது பதில் இல்லம்மா."

"அப்ப நீ கேட்டது கேள்வி இல்ல. போ, வெங்காயம் உரி."

மூன்றா இரண்டா என்று மகள் திண்டாடியது. பெண்களைக் கேட்காமலே படி கட்டிவிட்டாய் என்று அந்த வெளிநாட்டுக்காரரோடு ஒரு அம்மாள் சண்டை போட்டிருக்கிறாராம். ஆனால் வழிகாட்டுகிற பேராசிரியை ஆறு படி மட்டும் போதும் என்றுவிட்டாராம். கடைசியில் மூன்று போட்டது.

வைகாசி வெயிலில் வரிசை மூன்றாம் நாளாக நகரவில்லை. முந்தின நாள் ஒரு பேமானி தன்னிடம் இருந்த இரண்டு துண்டில் ஒன்றைத் தானே கட்டிக்கொண்டு, அம்மா செத்துவிட்டாள் என்று இருநூறு வண்டியை முந்திப் போனான். துறைமுக வாசல் பக்கத்து டீக்கடையில் அவன் சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்து வந்து ஒருவன் சொன்னான். அந்த ஆத்திரம் எல்லோர் வயிற்றிலும் கிடந்தது.

பன்னிரண்டு மணி இருக்கும். பின்னாலிருந்து ஒரு டிரெய்லர் வலப்பக்கமாக ஏறி வந்தது. கண்ணாடியில் வெள்ளைத் துண்டு. ஓட்டுகிறவன் தோளில் ஒன்றுமில்லை, தலையிலும் இல்லை. "இவனும் அவன் துண்டையே கட்டிகினு வர்றாண்டா" என்று ஒருவன் கத்தினான். இரண்டு பேர் வண்டிக்கு முன்னால் கல்லைப் போட்டார்கள். வண்டி நின்றது. கதவைத் திறந்து அவனைச் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். அவன் கீழே விழுந்து எழுவதற்குள் முகத்தில் உதை விழுந்தது. ஸ்கூல், ஸ்கூல் என்று என்னவோ சொன்னான். வாயில் ரத்தம் இருந்ததால் அது சரியாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர்கள் நிறுத்தியிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

அடி என்றால் சினிமா அடி இல்லை. சத்தமே இல்லாமல் விழுகிற அடி. செருப்புக் காலால் விலாவில் மிதித்தார்கள். ஒருவன் கயிற்றை முறுக்கி முதுகில் இழுத்தான். கையை ஊன்றி எழுந்தபோது விரல்களை மிதித்தார்கள். அவன் என் கடைப் பக்கம் தவழ்ந்து வந்தான். என் கையில் கோணி ஊசி இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

பாலகணேஷ் ஓடி வந்தான். அப்பாடா, விலக்கிவிட வருகிறான் என்று நினைத்தேன், போன உயிர் வந்தது. வந்தவன் கையில் டயர் கழற்றுகிற இரும்பு லீவர் இருந்தது. மூன்று நாள் தூங்காத கண். "கேக்காம பூடுவியா, கேக்காம பூடுவியா" என்று சொல்லிக்கொண்டே தலையில் போட்டான். ஒருமுறை. தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டது. அதோடு எல்லோரும் பின்வாங்கினார்கள்.

கொட்டகை வாசலில் எழில்மொழி நின்றது. அப்போதும் அது சுடலைராஜ் என்ற டிரைவரிடம் பதில் எழுதிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் முழுசாகப் பார்த்தது. குணசுந்தரி உள்ளேயிருந்து ஓடி வந்து அந்த மனிதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். ஆம்புலன்ஸ் அந்த வரிசையைத் தாண்டி வர முக்கால் மணி நேரம் ஆனது.

அவன் பெயர் செல்வின். எர்ணாவூர்க்காரன். இந்தச் சாலைக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. அவன் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் வலிப்பு வந்துவிட்டது. போன் வந்ததும் பதறி, துண்டு கட்டினால் வழிவிடுவார்கள் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்து, தன் தோள் துண்டை எடுத்துக் கட்டியிருக்கிறான். அடுத்தவன் துண்டாக இருக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. மகள் சாயங்காலம் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். இவன் விடிகாலையில் போய்விட்டான்.

பதினோரு பேரும் மறுநாள் பத்து மணிக்கு என் தார்ப்பாய் நிழலில் கூடினார்கள். மிதித்ததற்கெல்லாம் சின்ன வழக்குதான் வரும் என்பது அவர்கள் கணக்கு, லீவர் பிடித்த கை யாருடையது என்றுதான் போலீஸ் கேட்கிறது. எவனாவது ஒருவன் ஒப்புக்கொண்டு சரணடைந்தால் மற்றவர்கள் வண்டி ஓட்டலாம். இந்தப் பக்கத்தில் குற்றவாளிக்குப் பதில் வேறு ஆள் கொடுப்பது புதிதில்லை. பாலகணேஷ் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அப்போதுதான், அன்றைக்கு அடிக்கவே போகாத சுடலைராஜ் பேசினான். நாற்பத்தாறு வயது, கல்யாணம் ஆகாதவன், வண்டியிலேயே குடித்தனம்.

"நான் போறேன். உனக்கு பொண்ணு கீது, வூடு கீது. எனக்கு இன்னா கீது? உள்ள போனாலும் அதே சோறு, அதே தூக்கம். வரிசை மட்டும் கொஞ்சம் பெருசா இருக்கும்."

பாலகணேஷ் வேண்டாம் என்று சொல்வான் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவன் சொல்லவில்லை. சுடலைராஜின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். எனக்கு அப்போது அவன் மேல் வந்த வெறுப்பைச் சொல்லி மாளாது. ஊருக்குத்தான் உபதேசம் என்பது இதுதான். ஆனால் நானும் அதற்கு முன்தினம்தான் முதுகைக் காட்டின கதையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன், ஆகவே டீ வாங்கி வர எழுந்து போனேன்.

அன்று மத்தியானம் கொட்டகைக்குள் சண்டை. நைனா, நீதான் அடித்தாய், நான் பார்த்தேன் என்று மகள் சொன்னது எனக்குக் கேட்டது. வாயை மூடு என்றான். அது மூடவில்லை. அவன் அறைந்தான். அது பாத்திர அடுக்கில் போய் விழுந்தது, உதடு கிழிந்தது. இருபத்திரண்டு வயதுப் பெண் மேல் அவன் அதுவரை கை நீட்டியதில்லை. குணசுந்தரி சோற்றுக் கரண்டியால் அவன் தோளில் இரண்டு போட்டு வெளியே தள்ளினாள்.

எழில்மொழி என் கடையில் வந்து உட்கார்ந்தது. உதட்டில் துணியை வைத்துக்கொண்டு என்னிடம் பேசியது, பேச்சா அது, புலம்பல். "சொல்லலாம்னும் ஆறு படில காரணம் தெரியுது மாமா, சொல்லக் கூடாதுன்னும் ஆறு படில காரணம் தெரியுது. சொன்னா அம்மா நடுத்தெருவுல நிக்கும். சொல்லாட்டி சுடலை மாமா உள்ள போவும். அவரு பண்றது எந்தப் படின்னே எனக்கு தெரியல." பிறகு, பத்து நாளாக நான்தானே எல்லோரையும் இதையே பேச வைத்தேன், என் கேள்விதான் அவனை அடித்தது என்றது. நான் கோணி ஊசியில் நூல் கோத்தேன். லாரி இங்கேயே நிற்கட்டும், ஆளை மட்டும் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடலாம் என்று அவள் அம்மா சொன்னதை அன்றைக்கு எங்களில் ஒருவன் யோசித்திருந்தால் போதும். அதைத்தான் பதில் இல்லை என்று தள்ளினோம்.

மூன்றாம் நாள் செல்வினின் மனைவி வந்தாள். மகிமா என்று பெயர். முப்பது வயது இருக்கும். வண்டியில் கிடந்த அவன் சாமான்களை எடுத்துப்போக வந்தவள். பை, செருப்பு, மூன்றடுக்கு டிபன் கேரியர். அதில் அவள் கட்டிக் கொடுத்த சோறு அப்படியே ஊசிப்போய்க் கிடந்தது. திறந்து பார்த்துவிட்டு, கீழே கொட்டாமல் அப்படியே மூடிக்கொண்டாள். வெயிலில் தள்ளாடி வந்து கொட்டகை வாசலில் தண்ணீர் கேட்டாள். சாப்பாட்டு நேரம், உள்ளே ஏழெட்டு டிரைவர்கள் இலையில் உட்கார்ந்திருந்தார்கள். குணசுந்தரி செம்பை நீட்டினாள். குடித்து முடித்து, அவள் எல்லோருடைய முகத்தையும் பார்த்தாள்.

"யார் அடிச்சது? அது மட்டும் சொல்லுங்க. நான் ஒண்ணும் பண்ணமாட்டேன்."

சோற்றில் கை வைத்தவர்கள் வைத்தபடி இருந்தார்கள். பாலகணேஷ் பின்கட்டில் விறகு பிளந்துகொண்டிருந்தான், கோடாலிச் சத்தம் நின்றது. சுடலைராஜ் எழுந்தான். ஸ்டேஷனில் சொல்வதற்குப் பழகி வைத்ததை இங்கேயே சொன்னான். நான்தாம்மா, லீவரால் போட்டது நான்தான் என்றான்.

ஒன்றும் பண்ணமாட்டேன் என்றவள் கேரியரைச் சுழற்றி அவன் முகத்தில் அடித்தாள். மூக்கு உடைந்தது. அவன் கையைத் தூக்கவே இல்லை. மறுபடி அடித்தாள், மறுபடியும். கேரியர் பிரிந்து ஊசின சோறு அவன் மேலெல்லாம் சிதறியது. "பாப்பா அப்பா எங்கனு கேக்குறா, இன்னா சொல்றது, நீ சொல்லு, இன்னா சொல்றது" என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். மூச்சு வாங்கியது, கை ஓயவில்லை. நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். பார்க்கிறதில் நாங்கள் கெட்டிக்காரர்கள்.

குணசுந்தரி ரசவாளியைக் கீழே வைத்தாள்.

"அவன் இல்ல. அவனை அடிக்காத. அடிச்சது என் வூட்டுக்காரன்."

மகிமாவுக்கு முதலில் புரியவில்லை. இவள் இரண்டாம் தடவை சொன்னாள், பெயரோடு சொன்னாள். மகிமா திரும்பினாள். கையில் மிச்சமிருந்த கேரியர் தட்டால் குணசுந்தரியின் நெற்றியில் அடித்தாள். புருஷனை அடித்துப் போட்ட வாசலில் எனக்குத் தண்ணி கொடுக்கிறாயா என்று கேட்டு முடியைப் பிடித்து இழுத்தாள். இருவரும் ரசவாளியோடு சேர்ந்து விழுந்தார்கள். கொதிக்கிற ரசம் குணசுந்தரியின் முழங்கை முழுக்கக் கொட்டியது. அவள் அலறவில்லை, மகிமாவின் மேல் படாமல் அவளை அந்தப் பக்கம் தள்ளினாள்.

பாலகணேஷ் பின்கட்டிலிருந்து பாய்ந்து வந்தான். கையில் விறகுக்கட்டை. பெண்டாட்டி கீழே கிடப்பதைப் பார்த்தான், பக்கத்தில் கிடக்கிறவளைப் பார்த்தான். யார் என்று கேட்கவில்லை, என்ன என்று கேட்கவில்லை. கட்டை தலைக்கு மேலே போய்விட்டது. இலை போட்டுக்கொண்டிருந்த எழில்மொழி குறுக்கே விழுந்து அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கியது. அவன் உதறினான். அது விடவில்லை.

"அன்னிக்கி நான் புடிக்கல நைனா. நோட்டு வச்சுகினு நின்னேன். இன்னிக்கி உடமாட்டேன். என்னை அடி."

அவன் மகளைப் பார்த்தான். கீழே கிடந்த மகிமாவைப் பார்த்தான். கட்டை கையிலிருந்து நழுவியது. சிந்தின ரசத்திலேயே உட்கார்ந்துவிட்டான். நான்தாம்மா, கேட்காமல் போகிறானே என்று அடித்துவிட்டேன், நானும் கேட்கவில்லை என்றான். மகிமாவின் காலுக்குப் பக்கத்தில் தலையைக் கொண்டுபோய் வைத்தான். அவள் கையில் தட்டு இருந்தது. எல்லோரும் அந்தத் தட்டையே பார்த்தோம். அவள் அடிக்கவில்லை. காறி அவன் முதுகில் துப்பிவிட்டு, பையையும் செருப்பையும் பொறுக்கிக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தாள்.

இரண்டு மணிக்குப் பாலகணேஷ் ஸ்டேஷனுக்கு நடந்து போனான். ஒரு பக்கம் மூக்கில் துணியோடு சுடலைராஜ், மறுபக்கம் நான். எனக்கும் அங்கே எழுதிக் கொடுத்ததை மாற்றி எழுத வேண்டியிருந்தது. வழியில் அவன் வண்டி வரிசையில் நின்றது. அதன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வரிசை நகர்ந்தால் யாரையாவது ஏற்றி நகர்த்தச் சொல் பாய் என்று மட்டும் சொன்னான்.

திரும்பி வந்தபோது கொட்டகையில் அடுப்பு அணைந்திருந்தது. குணசுந்தரியின் முழங்கை தோலுரிந்து கிடந்தது, மகள் அதில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. நெற்றி வீங்கி ஒரு கண் மூடிவிட்டது. ஊற்றிக்கொண்டே மகள் கேட்டது. நோட்டில் எழுதுவதற்காக இல்லை, அந்தக் குரலே வேறு.

"சுடலை மாமா உள்ள போறேன்னப்போ நீ ஒண்ணும் சொல்லல. நான் கத்தினப்பவும் சொல்லல. அவகிட்ட மட்டும் ஏம்மா சொன்ன?"

குணசுந்தரி கையைத் தண்ணீருக்குத் திருப்பிக் காட்டினாள்.

"அவளுக்கு மிஞ்சினது அந்த அடி ஒண்ணுதான் எயிலு. அதுவும் தப்பான ஆளு மேல வுயுந்துகினு இருந்துது."